ஓடுதளத்து முட்டை

குண்டு போடப் போகும் விமானங்களுக்காகப் போர்க்காலத்தில் ஒரு தீவில் பட்டாளம் அவசரமாகப் போட்ட ஓடுதளம் அது. போர் முடிந்து எத்தனையோ வருடம் ஆகியும், நடுக்கடலில் இன்ஜின் பழுதாகும் விமானங்களுக்காக அந்தத் தீவில் அதை இன்னும் காலியாக வைத்திருக்கிறார்கள். தூத்துக்குடியிலிருந்து ஒப்பந்தத்தில் வந்த லூர்தையாவுக்கு அங்கே ஒரே வேலை. ஓடுதளத்தில் கடற்பறவைகள் இடும் முட்டைகளைப் புல்வெளிக்கு மாற்ற வேண்டும். ஆறு வருடமாக இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய் வைத்ததில் முதுகு வளைந்ததுதான் மிச்சம். ஒரு பறவைகூட முட்டையைத் தேடிப் புல்வெளிக்கு வரவில்லை. பழைய இடத்துக்கே திரும்பி, வெறும் தாரின் மேல் அடைகாத்தன.

அன்று அவரை ஊருக்கு அழைத்துப்போகும் விமானம் வந்துகொண்டிருந்தது. நடுக்கோட்டில் ஒரு பறவை அடியில் முட்டையில்லாமல் வெறுமனே உட்கார்ந்திருந்தது. தூக்கக் குனிந்தார். அது தாரோடு இன்னும் அழுந்திக்கொண்டது. லூர்தையா புல்வெளிக்கு நடந்தார். அங்கே நூற்றுக்கணக்கான முட்டைகள் குளிர்ந்து கிடந்தன. எது அதனுடையது என்று தெரியவில்லை. கையில் பட்ட ஒன்றை எடுத்துவந்து அதன் அடியில் வைத்தார். பறவை அலகால் உருட்டிச் சரிசெய்து, கண்ணை மூடிக்கொண்டது.

தலைக்கு மேல் விமானம் வட்டமடித்தது. கூட வேலை பார்க்கும் ரெமிஜியூஸ் ஜீப்பில் வயர்லெஸ்ஸைப் பிடித்தபடி கத்தினான்: “அண்ணே, எறங்கலாமான்னு கேக்காங்க! இத விட்டா ஈஸ்டருக்குத்தான் அடுத்த பிளைட்டு!”

லூர்தையா பறவைக்குப் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தார்.

“ஆளிருக்குன்னு சொல்லுடே.”