காலுக்குள் கம்பி

என் மடியில் கிடந்த குழந்தைச் சட்டையின் மேல் ஊசி தேடும் டிடெக்டரைக் காட்டியதும் அது கத்தியது.

சட்டைகளை வாங்கப்போகும் பையர் அனுப்பிய ஆள் என்னை முறைத்தார். என்னை முறைத்து என்ன செய்ய? நான் செக்கிங் பார்க்கிறவள், தைக்கிறவள் இல்லை.

ஒரு சட்டையில் உடைந்த ஊசி இருந்தால் போதும், மொத்த ஆர்டரும் போச்சு. யார் மெஷினில் ஊசி உடைந்ததோ அவள் வேலையும் போச்சு.

காலையில் உடைந்தது ஜெபராணியின் ஊசி. எல்லாத் துண்டையும் பொறுக்கிக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லித்தான் புது ஊசி வாங்கியிருந்தாள். இப்போது மெஷினில் கால் வைத்தபடியே உறைந்துபோனாள். ஊரில் தங்கச்சிகள் படிப்பதே இவள் சம்பளத்தில்தான்.

பையர் ஆள் சூப்பர்வைசரைக் கூப்பிட வாசல் பக்கம் திரும்பினார். நான் சட்டையை இன்னொரு முறை தடவிப் பார்த்தேன்.

சூப்பர்வைசர் மருதாசலம் ஓடி வந்தார். சட்டையை மேஜையில் விரித்து டிடெக்டரைக் காட்டினார்கள். சத்தமே இல்லை. என் மடிப்பக்கம் கொண்டுவந்தார்கள். கத்தியது.

"அட, என் தொடைக்குள்ள கம்பி கெடக்குல்லா!" என்றேன்.

மருதாசலம் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "ஆமாங்க சார். சின்னத்தாய்க்குத் தொடையெலும்பு உடைஞ்சு ஆபரேசன் பண்ணுனாங்க. மறந்தே போச்சுங்க."

வீரபாண்டி பிரிவில் கம்பெனி வேன் கவிழ்ந்தபோது உடைந்த கால். இடுப்புக்குக் கீழே கிழித்து, எலும்புக்குள்ளேயே நீளமாகக் கம்பி இறக்கி ஸ்குரு போட்டார்கள். கம்பெனியே ஹார்லிக்ஸ் பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தது.

பையர் ஆளும் சிரித்துவிட்டார். மிச்சச் சட்டைகளையும் மேஜையில் பரப்பிப் பார்த்தார். டிடெக்டர் வாயே திறக்கவில்லை. ஆர்டர் பாஸ். எல்லோருக்கும் போன உயிர் திரும்பி வந்தது.

டீ டைமில் ஜெபராணி, "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று என் தொடையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

கம்பி எங்கே இருக்கிறது? எலும்பு நன்றாகக் கூடிவிட்டதென்று, தீபாவளி லீவுக்கு ஊருக்குப் போனபோதே டாக்டர் கழற்றிவிட்டார். கம்பெனியில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சேலைக் கொசுவத்தில் குத்தி வைத்திருந்த ஊசி முனையை உருவி, அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

"ஏட்டி, இனிமே முனையையும் சேத்துப் பொறுக்கிக் குடு."