திரும்பப் பெறப்பட்ட எம்.ஏ.

கண்ணீர் அஞ்சலி பேனருக்கு மனைவியின் படத்தைக் கொடுத்துவிட்டு, அதன் கீழே 'மா. பொன்னரசி, எம்.ஏ.' என்று போடச் சொன்னார் மாசிலாமணி. டைப் செய்த பெண் இரண்டு தடவை முயன்று பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"எம்.ஏ.வ மெஷின் ஏத்துக்கல ஐயா. பட்டம்னா கவர்மென்ட் ரெக்கார்டுல சரிபாத்துட்டுத்தான் போடவிடும். அம்மா படிச்ச தத்துவத்துக்கு எங்கயும் வேலை கிடைக்கறதில்லன்னு, கவர்மென்ட் யுனிவர்சிட்டி அந்தப் பட்டத்த எல்லார்கிட்டயும் வாபஸ் வாங்கிடுச்சு. அம்மாவுக்கும் போன மாசமே லெட்டர் போயிருக்கு."

"அவ வேலைக்காகவா படிச்சா? பாத்திரக் கடையில நின்னுக்கிட்டே ஆறு வருஷம் படிச்சாம்மா. கேஸ் சிலிண்டர் வாங்கினாக்கூட எம்.ஏ.ன்னு சேர்த்துத்தான் கையெழுத்துப் போடுவா."

போன மாதம் முழுக்க அவள் ஆஸ்பத்திரிச் சுவரையே பார்த்தபடி படுத்திருந்தாள். நோய்தான் அப்படி ஆக்கிவிட்டது என்று அவர் நினைத்திருந்தார். கடிதம் எதைப் பற்றியும் அவள் வாய் திறந்து சொல்லவே இல்லை.

"அந்த லெட்டர் அவ கைக்குப் போச்சாம்மா?"

அந்தப் பெண் ரெக்கார்டைத் திறந்து, திரையை அவர் பக்கம் திருப்பினாள். 'பட்டம் திரும்பப் பெறப்பட்டதை ஏற்றுக்கொள்கிறேன்' என்ற வரிக்குக் கீழே, கோணல்மாணலாக ஒரு கையெழுத்து இருந்தது: மா. பொன்னரசி, எம்.ஏ.

மாசிலாமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொள்ள வெகுநேரம் ஆனது.

"இதப் படமாப் போட்டா மெஷின் படிக்காதுல்ல?"

"படிக்காது ஐயா."

"அப்ப நீ டைப் பண்ண பேரை அழிச்சிடும்மா. இந்தக் கையெழுத்தையே பெருசாப் போடு."