எட்டு வருட அனுபவம்

“உங்களுக்கு நாற்பத்தஞ்சு தாண்டிடுத்து. ஆஸ்திரேலியாவுக்கு இந்த விசா கிடைக்காது” என்றாள் பாலக்காட்டு ஏஜென்ட் ஸ்ரீரஞ்சனி.

கொழிஞ்சாம்பாறையில் வெப்சைட் கம்பெனி நடத்தும் தங்கதுரையின் முகம் வாடிப்போனது. பக்கத்தில் மனைவி செல்வப்பிரியா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“இவா பேர்ல போடலாமே. முப்பத்தாறுதானே ஆறது?” ஸ்ரீரஞ்சனி விண்ணப்பத்தைப் புரட்டினாள். “ஓ, இல்லத்தரசின்னு எழுதியிருக்கேள். அனுபவம் இல்லாம முடியாது.”

தங்கதுரை தயங்கினார். “ஏனுங்க, எங்க ஆபீசுல ஒரு பொண்ணு எட்டு வருஷமா வெப்சைட் டிசைன் பண்ணுதுங்க. அந்த மாதிரி ஆளுக்குக் கிடைக்குமுங்களா?”

“சம்பளச் சீட்டும் அனுபவ சர்டிபிகேட்டும் இருந்தா தாராளமா மனு போடலாம்.”

“சீட்டு எதுவும் குடுக்கலீங்க. ரிஜிஸ்டர்ல பேரும் இல்லீங்க.”

“எட்டு வருஷம் உழைச்ச பொண்ணு. பேரைக்கூடவா எழுதலை? ஏன்?”



செல்வப்பிரியாதான் பதில் சொன்னாள். “கட்டுன பொண்டாட்டிக்கு எதுக்குச் சம்பளச் சீட்டுன்னு கேட்டாருங்க. நானும் சரீன்னு இருந்துட்டனுங்க.”