ஆந்தை இல்லாத பாறை

"உங்க புத்தகத்தை நம்பிக் குடும்பத்தோட போனோம் சார். ஆத்துக்கு வடக்கே இருக்கிற பாறையில சாம்பல் ஆந்தை கூடு கட்டியிருக்குன்னு எழுதியிருக்கீங்க. அங்க ஈ, காக்காகூட இல்ல!"

புத்தகக் கடை மாடியில் கூடியிருந்த வாசகர் கூட்டம் கொல்லென்று சிரித்தது.

மேடையில் இருந்த விலங்கியல் பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பறவை, விலங்குகளைப் பற்றி எல்லாருக்கும் புரிகிற மாதிரி எழுதிப் பேர் வாங்கியவர். நடுநடுவே நாவலும் எழுதுவார்.

எழுந்து நின்ற ஆசாமி விடுவதாக இல்லை.

"நாவல்ல கதை விடுங்க, வேண்டாங்கல. அறிவியல் புத்தகத்துலயுமா?"

வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தால் கேட்க வேண்டுமா? பின்வரிசையில் விசிலே பறந்தது. அடுத்த பதிப்பை நிறுத்தி வைக்கலாமா என்று பதிப்பாளர் பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்தார்.

"தப்பு என்னோடதுதான். வயசாச்சு, ஞாபகம் பிசகிடுச்சு. மன்னிச்சுக்குங்க" என்றார் பேராசிரியர்.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அவர் மகளுக்குப் பொறுக்கவில்லை. காலமெல்லாம் காட்டிலும் மேட்டிலும் அலைந்து சம்பாதித்த பேர், ஒரே சாயங்காலத்தில் காற்றில் போகிறதே! விறுவிறுவென்று மேடையேறி மைக்கை வாங்கினாள்.

"அப்பா ஒண்ணும் கதை விடலைங்க. புத்தகத்துல இடம் மட்டும் மாறிப்போச்சு. ஆந்தை நிஜமாவே இருக்கு. போன மாசம் நானே அப்பாகூடப் போய்ப் பார்த்தேன். மூடிக்கிடக்கிற செங்கல் சூளை இருக்கில்ல, அதோட புகைபோக்கிக்குள்ள கூடு. குஞ்சுகூடப் பொரிச்சிருக்கு."

"அம்மாடி, வேண்டாம்..." என்று பேராசிரியர் பதறி எழுந்தார். கைதட்டலில் அது யார் காதிலும் விழவில்லை.

கேள்வி கேட்டவர் முகமெல்லாம் பல்லாக ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க சார். நாளைக்கே எல்லாருமாக் கிளம்பிடறோம்!"

சுற்றி நின்றவர்கள் அதற்குள் போனில் வழி தேட ஆரம்பித்துவிட்டார்கள்.

வீடு திரும்பும்போது காரில் பேராசிரியர் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். காரை ஓட்டிக்கொண்டிருந்த மகளுக்குச் சுருக்கென்றது.

"உங்க மானத்தைக் காப்பாத்தியிருக்கேன். நல்லதா ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாப்பா?"

"என்னத்தைம்மா சொல்ல?"

"ஏன், நான் செஞ்சது தப்பா?"

"உன்மேல என்ன தப்பு? உன்கிட்டயாவது நான் சொல்லியிருக்கணும். சொல்லாம விட்டுட்டேன்."

"என்ன சொல்லியிருக்கணும்?"

"முதல் புத்தகத்துல, பாலத்தடியில இருந்த ஆந்தைங்களோட இடத்தை உள்ளது உள்ளபடி எழுதினேன். படிச்சவங்க ஆசையாத்தான் வந்தாங்க. டார்ச் அடிச்சாங்க, போட்டோ எடுத்தாங்க. தாய் மிரண்டுபோய் கூட்டை விட்டே போயிடுச்சு. குஞ்சுங்க பட்டினி கிடந்தே செத்துச்சு."

மகள் காரை ஓரங்கட்டினாள்.

"அதுக்கப்புறம் எந்தப் புத்தகத்துலயும், எந்தப் பறவைக்கும், நான் சரியான விலாசம் எழுதினதே இல்லம்மா."