ஐந்தாவது இதழ்

ஜன்னல் வெளிச்சம் மங்கிக்கொண்டு வருகிறது. பீங்கான் கோப்பைகளில் வயலட் பூ வரைகிற நீண்ட மேசையில் பேச்சு ஓய்ந்து, டர்பன்டைன் நெடி மட்டும் நிற்கிறது. அண்ணிக்காரிக்கு முதுகு மரக்கட்டையாக இறுகிக் கிடக்கிறது. பக்கத்து நாற்காலியில் நாத்தனார் தூரிகையைப் பிடித்தபடியே தூங்கி விழுகிறாள். காலையில் போட்ட சண்டையிலிருந்து இருவருக்கும் முகம்கொடுத்துப் பேச்சில்லை. அவளுடைய கோப்பைகள் அடுக்கிய தட்டை ஓரக்கண்ணால் பார்த்த அண்ணிக்குத் திக்கென்கிறது. தூக்கக் கலக்கத்தில் ஐந்து இதழ் வேண்டிய பூவுக்கெல்லாம் நான்கே இதழ் போட்டு வைத்திருக்கிறாள். மேசைக் கோடியிலிருந்து சூப்பர்வைசர் ஒவ்வொரு தட்டாகப் பார்த்துக்கொண்டு வருகிறார். தப்பைக் கண்டால் துணியால் துடைத்துவிடுவார்; சூளையில் சுடாத சாயம் ஒரு துடைப்பில் அழிந்துவிடும். அப்புறம் மணி அடித்தாலும் வீடு கிடையாது, முதலிலிருந்து வரைய வேண்டியதுதான். அண்ணி அந்தத் தட்டைத் தன் பக்கம் நகர்த்தி, விட்டுப்போன கீழ் இதழை ஒவ்வொரு பூவாகப் போட்டுக்கொண்டே போகிறாள். நாத்தனார் திடுக்கிட்டு விழிக்கிறாள். “என் தட்டுல உங்களுக்கென்ன வேலை?” “பூவெல்லாம் மோவாய் இல்லாம நிக்குதுடி. வாயை மூடு, அவரு வர்றாரு.” கடைசி இதழ் முடியவும் அவர் வந்து நிற்கவும் சரியாக இருக்கிறது. நாத்தனாரின் தட்டைப் பார்த்துத் தலையாட்டுகிறார். அண்ணியின் தட்டில் பாதிக் கோப்பைகள் வெறுமனே பல்லிளிக்கின்றன. “என்னம்மா, உன் நாத்தனாரைப் பாத்துக் கத்துக்கக் கூடாதா? முடிச்சுட்டுத்தான் வீட்டுக்குப் போகணும்.” மணி அடிக்கிறது. நாற்காலிகள் கிறீச்சிட, எல்லோரும் எழுகிறார்கள். நாத்தனாரும் எழுந்து செருப்பை மாட்டுகிறாள். மாட்டிக்கொண்டே மறுபடி உட்கார்ந்து, வெறும் கோப்பைகளைத் தன் பக்கம் இழுக்கிறாள். “நாலு இதழ் எனக்கு நல்லா வருது, அண்ணி. அஞ்சாவதை நீங்க போடுங்க.”