பென்சில் நுழையாத ஓட்டை

"இயேசப்பாவுக்குப் பஞ்சர் ஒட்டத் தெரியுமாப்பா?"

சிநேகா ஐந்து வயதில் கேட்டது. ஜெபக்குமார் அன்று சிரித்துத் தப்பித்துக்கொண்டார்.

இப்போது அவளுக்குப் பதினாறு. மாமல்லபுரம் பேருந்து நிலையத்தை ஒட்டிய சைக்கிள் கடையில், சிரிப்பு வராமல் நின்றுகொண்டிருந்தார் அவர்.

நாளை விடிந்ததும் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு சேர்ந்து அவள் பாலாற்றுப் பாலம் தாண்டி, சவுக்குத் தோப்பு மணலில் மவுண்டன் பைக் ஓட்டப் போகிறாள். தோப்பு வழியெல்லாம் முள். கையில் ஒரு மாற்று ட்யூப் இருந்தாக வேண்டும். அது பொருந்துகிற ட்யூபாகவும் இருந்தாக வேண்டும்.

போன தடவை பொருந்தவில்லை.

எந்தப் பெட்ரோல் பங்கிலும் காற்றடிக்கலாமே என்று, மோட்டார் சைக்கிளுக்கு இருப்பதுபோல் தடித்த வால்வு வைத்த ட்யூபாகப் பார்த்து வாங்கினார். அவளுடைய பழைய நீல ரிப்பனால் சுற்றிக் கட்டிப் பையிலும் வைத்தார். சக்கரத்து ரிம்மில் வால்வு வெளியே வரும் ஓட்டையை மட்டும் பார்க்கவில்லை. அது மெல்லிய வால்வுக்கான ஓட்டை.

அன்று தனியாக ஓட்டிப் பழகப் போனவள், பாலத்துக்கு அந்தப் பக்கம், மழை இருட்டிக்கொண்டு வரும் நேரத்தில், புத்தம் புது ட்யூபைக் கையில் வைத்துக்கொண்டு, அதை மாட்ட முடியாமல் நின்றிருக்கிறாள். போனும் அணைந்துவிட்டது. இங்கே அவர் வாசலுக்கும் தெருமுனைக்கும் நடந்த நடை கர்த்தருக்குத்தான் தெரியும்.

அந்த வழியாக வந்த யாரோ ஒரு சைக்கிள்காரர் தம்முடைய மெல்லிய வால்வு ட்யூபை எடுத்து மாட்டிவிட்டு, அவளுடையதை வாங்கிக்கொண்டாராம். "எனக்கு இது ஆகும்மா, மாத்திக்கலாம்" என்றாராம்.

யாரென்று கேட்டதற்கு, "ஹெல்மெட் போட்டுகினு இருந்தாருப்பா" என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

அகலமான ஓட்டை உள்ள ரிம்மில் இரண்டு வால்வையும் மாட்டலாம். அவருடையது அப்படிப்பட்டது போலும் என்று ஜெபக்குமார் மனம் ஆறினார். கொடுத்ததற்கு வாங்கியது சரியாகிவிட்டது. ஆனாலும் ராத்திரி ஜெபத்தில், பெயர் தெரியாத அந்த மனிதரை ஒருநாளும் விட்டதில்லை.

இன்று கடைக்கு வரும்போது ஒரு துண்டுப் பென்சில் கொண்டுவந்திருந்தார். சிநேகாவின் ரிம் ஓட்டையில் அது நுழையவில்லை. ஆகவே வால்வு பென்சிலைவிட மெலிசாக இருக்க வேண்டும். ட்யூபையும் பென்சிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வெளிச்சத்தில் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"இன்னா சார், மாப்ள பாக்குற மாதிரி திருப்பித் திருப்பிப் பாத்துகினு கீற?" என்றாள் கடைக்கார அமிர்தவல்லி. "ரெண்டு மாசமா இந்த ட்யூபே வர்ல. இன்னிக்கி வந்ததுல இது ஒண்ணுதான் மிச்சம். உட்டா அடுத்த வாரந்தான்."

வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சதுரங்கப்பட்டினத்து வீடு வந்து சேரும்வரை, ஸ்கூட்டரில் ஒரு கை அடிக்கடி அந்தப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தது.

மாடிப்படி அடியில், வழக்கம்போல், தம் வீட்டுக்கும் மேல்மாடியில் குடியிருக்கும் லக்ஷ்மிநாராயணனின் சைக்கிள் வழியை மறித்துச் சாய்ந்திருந்தது. தினமும் கல்பாக்கத்து ஆபீசுக்கு அதில்தான் தனியாகப் போய்வருவார். லீவு நாளிலும் கடற்கரைச் சாலையில் எங்கேயாவது கிளம்பிவிடுவார். அந்த ஹேண்டில்பார் ஜெபக்குமாரின் சட்டையைக் கிழித்ததில் தொடங்கிய சண்டை. இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்று ஒரு வருஷமாகிறது.

ஜெபக்குமார் அதை எப்போதும்போல முழங்காலால் தள்ளினார்.

சீட்டுக்குக் கீழே தொங்கிய சின்னப் பையின் ஜிப் பாதி திறந்திருந்தது போல. உள்ளே இருந்தது தரையில் விழுந்தது.

ஒரு ட்யூப்.

சுற்றிலும் நீல ரிப்பன். அவர் போட்ட முடிச்சு.

குனிந்து எடுத்தார். தடித்த வால்வு. உட்கார்ந்து, லக்ஷ்மிநாராயணனின் பின்சக்கரத்தை மெல்லச் சுற்றினார். வால்வு மேலே வந்து நின்றது. சட்டைப்பையிலிருந்த பென்சிலை எடுத்து அதன் பக்கத்தில் பிடித்தார்.

பென்சிலைவிட மெலிசு. அதைச் சுற்றி ரிம் ஓட்டையில் ஒரு நூல் நுழையவும் இடமில்லை.

எனக்கு இது ஆகும்மா.

இத்தனை நாளும் அந்த மனிதர், வழியில் நின்றால் மாட்டவே முடியாத ஒரு ட்யூபைச் சுமந்துகொண்டு போய்வந்திருக்கிறார்.

"அப்பா, ட்யூபு கெட்ச்சிதா?" மேலே கதவோரத்திலிருந்து சிநேகாவின் குரல்.

நாளைய வழி அவர் கண்முன் வந்தது. பாலம் தெரிந்தது. தோப்பு தெரிந்தது. முள் ஒவ்வொன்றும் தெரிந்தது.

அவளோடு ஒரு கூட்டமே போகிறது. வேண்டுமானால் பின்னாலேயே ஸ்கூட்டரில் போகலாம். இந்த மனிதருக்குப் பின்னால் போக யாரும் இல்லை.

"வரேம்மா" என்றார்.

ரிப்பனை அவிழ்த்தார். புது ட்யூபைச் சுற்றி அதே முடிச்சைப் போட்டார். பைக்குள் வைத்து, ஜிப்பைக் கடைசிவரை இழுத்து மூடினார். பழையதைத் தம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பிறகு, சைக்கிளில் உடம்பு படாமல், சுவரோடு சுவராக ஒட்டி, பக்கவாட்டில் படியேறினார்.