சங்கிலியாண்டியின் விரல்

சங்கிலியாண்டியின் நடுங்கும் விரல்களிடம் தேறாத எந்த இயந்திரமும் மதுரையில் விற்பனைக்கு வராது. சோதனைக்கூடத்தில் அவருக்கு அதுதான் உத்தியோகம். அவர் தொட்டுத் தப்பு நடந்தால், அது இயந்திரத்தின் தப்பு. நேரே குப்பைக்குப் போகும்.

அன்று மேசைக்கு வந்தது, வீட்டிலேயே நோயாளிக்கு மருந்து ஏற்றும் பெட்டி. செய்தவள் அவர் மகள் பூங்கோதை.

"அப்பா, இன்னைக்கு மட்டும் நடுக்க மாத்திரையப் போட்டுக்கங்கப்பா. ரெண்டு வருச உழைப்பு."

"மாத்திரை போட்ட கைக்கு உன் பெட்டி எதுக்குடி? தள்ளி நில்லு."

அவர் எந்த இயந்திரத்தையும் நம்பியதில்லை. மகள் செய்தது என்பதற்காக இதையும் நம்பவில்லை. பெட்டியின் திரையில் ஐந்து சொட்டு என்ற இடத்தைத் தொடப்போனார்; விரல் ஆடி ஐம்பதில் விழுந்தது. பூங்கோதை கண்ணை மூடிக்கொண்டாள்.

பெட்டி மருந்தை ஏற்றவில்லை. "ஐம்பது உயிருக்கு ஆபத்து. ஐந்துதானே வேண்டும்?" என்று நிதானமாகக் கேட்டுவிட்டு, விரல் சரியான இடத்துக்கு வந்து சேரும்வரை காத்திருந்தது.

வேண்டுமென்றே கண்ட இடத்தில் குத்திப் பார்த்தார். அது மசியவில்லை.

"திருட்டுப்பய பெட்டி, ஏமாற மாட்டேங்குதே!" மீசைக்குள் சிரிப்பு அடங்கவில்லை. "எம்மக செஞ்சதுடா!" என்று கூடமே கேட்கக் கத்தினார்.

பிறகு மகளிடம் கையை நீட்டினார்.

"இப்பக் குடு அந்த மாத்திரைய. காப்பியச் சிந்தாமக் குடிக்கணும்."